பழைய தலைப்புகளுக்கு மீதிக் கதை எழுதுங்கள்

சூக் மாநிலத்துத் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புப் பிள்ளைகளே,

இந்த முறை தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் பழைய பத்திரிகைத் தலைப்புகளை வைத்து ஒரு பகிடி நாடகம் போடப் போகிறீர்களாம். ஒருவர் தலைப்பை உரக்க வாசிப்பார். அந்தத் தலைப்பு பயமுறுத்தியபடியே எல்லாம் நடந்திருந்தால் இன்று இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று மற்றவர்கள் நடித்துக் காட்டுவார்கள். கேள்விப்பட்டதும் எனக்குப் பெரிய சந்தோசம். வழக்கமாக நாங்கள் பெரியவர்கள் எழுதித் தருவதைப் பாடமாக்கி மேடையில் ஒப்புவிப்பீர்கள். இது நீங்களாக யோசித்தது. அதனால் எனக்குத் தெரிந்த சிலவற்றையும் உங்களிடம் கேட்க விரும்புகிற சிலவற்றையும் எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சூக்கிலேயே தொடங்குங்கள். 1887 ஜூலை 5ஆம் திகதி, ஏரிக்கரையில் இருந்த ஃபோர்ஸ்டட் பகுதியின் ஒரு துண்டு வீடுகளோடு சரிந்து தண்ணீருக்குள் போனது. 11 பேர் இறந்தார்கள். 35 கட்டடங்கள் அழிந்தன. 650 பேரளவில் வீடிழந்தார்கள். புவியியலாளர் அல்பேர்ட் ஹைமும் வேறு இரண்டு வல்லுநர்களும் ஆராய்ந்து அடுத்த ஆண்டே அறிக்கை வெளியிட்டார்கள். கரைக்கு அடியில் இருந்தது ஏரி காலங்காலமாகப் படிய வைத்த நொய்ந்த மண். கரையோரத்தில் நடந்த கட்டுமான வேலையை அது தாங்கவில்லை. இதற்கு முன்பும், 1435இல், பழைய நகரின் கரையோரத் தெரு ஒன்று இதே மாதிரி ஏரிக்குள் போய் 60 பேரைக் கொண்டுபோயிருந்தது. ஆகவே 1887இல் பத்திரிகையை வாசித்த ஒருவர், "இந்த ஊர் இனித் தேறாது, மூட்டையைக் கட்டு" என்று வீட்டில் சொல்லியிருந்தால் அவரில் பிழை சொல்ல முடியாது.

செத்தவர்களை நடிக்காதீர்கள். பத்திரிகை வாசித்த அந்த மனிதரை நடியுங்கள். பயந்துபோய்க் கரையோரக் காணியை அரை விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை குட்டியோடு சூகர்பேர்க் மலைக்கு ஏறுகிறார். அவரை நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கீழே இறக்கிக் கொண்டுவந்து, அதே கரையில் ஒரு மூன்றரை அறை வீட்டின் மாத வாடகையைச் சொல்லுங்கள். அவர் முகம் போகிற போக்கை உங்களில் யாராவது நன்றாக நடித்தால் மண்டபம் அதிரும். வீடுகள் போன இடத்தில் இன்று புல்வெளியும் நடைபாதையும் இருக்கின்றன. வெயில் காலத்தில் சூரியன் ஏரியில் இறங்குவதைப் பார்க்கச் சனம் அங்கேதான் குவிகிறது. உங்களில் பாதிப்பேரும் வெள்ளிக்கிழமை மாலையில் அங்கேதான் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பணக் காட்சி ஒன்று வேண்டுமென்றால் 2016ஐ எடுக்கலாம். சூக் நகரசபை தன் கருமபீடத்தில் 200 பிராங் வரையான கட்டணங்களுக்கு பிட்காயின் வாங்கத் தொடங்கியது. அந்தச் சின்ன அறிவிப்பு உலகப் பத்திரிகைகளுக்குள் போய்விட்டது. 2021இல் மாநில அரசு 1,00,000 பிராங் வரை வரியையும் அப்படிக் கட்டலாம் என்றது. ஒரு தமிழ் அம்மா அந்தக் கருமபீடத்தில் நின்று, பணப்பையில் இருக்கிற நோட்டை நீட்டுவதா கைபேசியை நீட்டுவதா என்று மகளிடம் கேட்கிற காட்சி போதும். இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். இதைவிட நல்ல சாமான் இந்த நாட்டில் நிறைய இருக்கிறது.

உதாரணத்துக்கு, கிராவ்புண்டன் மாநிலம் 1900இலிருந்து 1925 வரை கார்களைத் தடை செய்திருந்தது. பலமுறை வாக்கெடுப்பு வைத்தார்கள். பலமுறை சனம் கார் வேண்டாம் என்றது. மாநில எல்லைக்கு வந்த காரின் இயந்திரத்தை நிறுத்தி, முன்னால் குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தூசி எழும், மாடு மிரளும், குதிரைவண்டிக்காரர் பிழைப்புப் போய்விடும் என்றெல்லாம் பயந்தார்கள். தூசியைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் அவர்கள் பயந்தது முழுப் பொய்யுமில்லை. இந்த நாடகத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இது: பழைய பயத்தை எல்லாம் மடத்தனம் என்று காட்டிவிடாதீர்கள். சில பயங்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எழுதிவைத்த முடிவுதான் பிழைத்துப் போனது.

காரணமே இல்லாத பயம் வேண்டுமென்றால் பெண்கள் வாக்குரிமைக்குப் போங்கள். 1946இல் பாசலில் டொனால்ட் புரூன் என்ற ஓவியர் வரைந்த ஒரு சுவரொட்டி இருக்கிறது. பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று பிரசாரம் செய்த சுவரொட்டி. அதில் இருப்பது ஒரு குழந்தையின் சூப்பி. சூப்பியின் மேல் ஒரு இலையான். அவ்வளவுதான். அம்மா வாக்குச் சாவடிக்குப் போய்விட்டால் பிள்ளையின் சூப்பியில் இலையான் மொய்க்கும் என்று நாட்டுக்குச் சொன்னார்கள். 1959இல் ஆண்கள் மட்டும் வாக்களித்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் மாட்டோம் என்றார்கள். 1971 பெப்ரவரி 7ஆம் திகதி அதே ஆண்கள் சம்மதித்தார்கள். சூக் மாநிலமும் தன் மட்டத்தில் அதே நாளில்தான் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. உங்கள் பள்ளிக்கூட ஆசிரியைகளில் வயதான சிலரின் அம்மாமார் வாக்கு இல்லாமல்தான் பிள்ளை வளர்த்தார்கள். அந்தச் சுவரொட்டியைத் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். அதன் கீழே ஒரு அம்மா கால் மணித்தியாலத்தில் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வர, குழந்தை இன்னும் நித்திரை கொள்ளட்டும்.

இனி எங்கள் விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் நாடகத்தில் அதைத் தொடாமல் விட மாட்டீர்கள். தொடத்தான் வேண்டும்.

எங்களுக்கு முதல் இப்படியான தலைப்புகளில் இத்தாலியர்கள் இருந்தார்கள். 1970 ஜூன் 7ஆம் திகதி, ஜேம்ஸ் ஷ்வார்ட்சென்பாக் என்ற அரசியல்வாதியின் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டவர் தொகையை 10 சதவீதத்துக்குள் மட்டுப்படுத்த வேண்டும், ஜெனீவாவுக்கு மட்டும் விலக்கு. நிறைவேறியிருந்தால் லட்சக்கணக்கானவர்கள், அதிலும் பெரும்பாலும் இத்தாலியர்கள், பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. 46 சதவீதம் பேர் ஓம் என்றார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இன்று பீட்சாவும் எஸ்பிரஸோவும் இல்லாத சுவிஸை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? அதை ஒரு காட்சியாக்குங்கள்: பள்ளிக்கூட இடைவேளை, பசி, சாப்பிட இருப்பது உருளைக்கிழங்கும் சீஸும் மட்டும்.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்தோம். 1980களின் நடுப்பகுதியில் சில ஆயிரம் பேர்தான் இருந்திருப்போம். ஆனால் பத்திரிகைகளைப் பார்த்தால் பட்டாளம் இறங்கியது போல இருக்கும். பேர்ண் ரயில் நிலையத்தில் குளிருக்குக் கூடி நின்ற பொடியன்களின் கறுப்புத் தோல் ஜாக்கெட் அப்போது நாடு முழுவதும் பேசுபொருள். அகதி என்றால் தோல் ஜாக்கெட்டுக்கு எங்கேயிருந்து காசு என்று கேட்டார்கள். ஹெரோயின் விற்கிறார்கள் என்று எழுதினார்கள். போதைப்பொருள் வழக்கில் பிடிபட்ட தமிழர் சிலர் இருந்தார்கள். அதை நாங்கள் மறைக்கக் கூடாது. அந்தச் சிலரின் பெயரால் குசினியில் நின்ற, காம்பில் படுத்திருந்த, பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ஒரே முகம் வரைந்தார்கள். அதுதான் அநியாயம். கிறிஸ்டோபர் மக்டோவல் என்ற ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட நூலில் இந்த நாட்டுக்குத் தமிழர் வந்த காலத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஜேர்மன் மொழியிலும் ஆய்வுகள் உண்டு. உங்கள் மத்துரா பரீட்சைக் கட்டுரைக்கும் உதவும்.

ஒரு நாளைச் சொல்கிறேன். 1986 குளிர்காலம். ஏரிக்கரையில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ரோட்டல் மீன் பிடிபடுகிற காலம், வாசலில் சனம் நிற்கும். பின்னேர வேலை தொடங்க முதல் ஒரு வாளி உருளைக்கிழங்கு சீவ வேண்டும். தோல் விழுவதற்காக நிலத்தில் பழைய பத்திரிகையை விரித்திருந்தார்கள். நான் குந்தியிருந்து சீவ, ஈரம் பட்டுத் தாள் கறுத்துக்கொண்டு வந்தது. கறுக்காமல் இருந்த மூலையில் ஒரு படம்: பனியில் முதுகு காட்டி நிற்கிற மூன்று பொடியன்கள், மூவருக்கும் தோல் ஜாக்கெட். மேலே பெருவிரல் தடிப்பில் எழுத்து. எனக்கு அப்போது டொச் ஓடாது. "தமிலன்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்ட முடிந்தது. மற்றச் சொற்கள் என்ன சொல்கின்றன என்று தெரியாததால் என் மனம் தானாக இட்டு நிரப்பியது. திருப்பி அனுப்பப் போகிறார்கள், நாளைக்கே பொலிஸ் வரும், ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வது. கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டது. தலைமைச் சமையற்காரர் இத்தாலியர், பெர்காமோ பக்கத்தவர். எட்டிப் பார்த்தார். குனிந்து தாளை மறுபக்கம் புரட்டிப் போட்டார். "முந்தி எங்களை எழுதினாங்கள், இப்ப உங்களை எழுதுறாங்கள், நீ கிழங்கைச் சீவு" என்பது மாதிரி ஏதோ பாதி இத்தாலி பாதி டொச்சில் சொன்னார். நான் கிழங்கைச் சீவினேன். அந்தத் தலைப்பில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் அப்பாமாரில் பலருக்கு இப்படி ஒரு நாள் இருக்கும். ஒரு தலைப்பு வந்தால் அடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும். வீடு பார்க்கப் போனால், தொலைபேசியில் இருந்த வீடு நேரில் போனதும் வாடகைக்குப் போயிருக்கும். சிலர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நாடகத்துக்கு அந்த ஜாக்கெட் வேண்டுமென்றால் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் வீட்டுக் கெல்லரில், பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால் தேடுங்கள். கிடைக்கும்.

சரி, அந்தத் தலைப்புகள் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே நீங்கள் கற்பனையை முழுதாக அவிழ்த்து விடலாம். சூக் முழுவதும் தோல் ஜாக்கெட். பழைய நகரின் மணிக்கூட்டுக் கோபுரமே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கலாம். கிர்ஷ்டோர்ட்டைக்குள் கறித்தூள் போடுகிற கேக் கடைக்காரரைக் காட்டலாம். நகரசபைக் கூட்டம் வாழையிலைச் சாப்பாட்டோடு முடியலாம். சிரியுங்கள். அதைப் பார்த்து நாங்களும் சிரிப்போம்.

பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். குசினிகளில் தமிழர் இல்லாமல் உணவகம் நடத்த முடியாது என்று முதலாளிமாரே அரசுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில், 1992 முடிவதற்கு முன் வந்து ஆண்டுக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர்களைத் தங்க விடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. அதில் மிகப் பெரிய பங்கு எங்கள் சனம். இன்று இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இந்த நாட்டில் சுமார் 50,000 பேர் இருக்கிறோம். பார் ஊரிலிருந்து எஸ்1 ரயிலில் ஏறினால் கிசிகோன்-ரூட்டில் இறங்கித் துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகலாம். அகதியாக வந்த ரூபன் சிவகணேசன் எங்கள் சூக் மாநில நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். இலங்கையில் பிறந்த ஃபாரா ரூமி 2023இல் சொலத்தூர்ன் மாநிலத்திலிருந்து தேசிய சபைக்குத் தெரிவானார். 1986இல் இப்படி ஒரு தலைப்பை யாராவது அச்சடித்திருந்தால் நாங்களே நம்பியிருக்க மாட்டோம்.

நாங்களும் தலைப்புகளை நம்பி ஏமாந்திருக்கிறோம். 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த நாள் இங்கேயும் அங்கேயும் சமாதானம் என்றுதான் செய்தி. சுவிஸ்காரர் பலர், இனி இவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று நிம்மதிப்பட்டார்கள். நாங்களும் அதையேதான் நினைத்தோம். பெரிய சூட்கேஸ் வாங்கினோம், தங்கச்சிக்குச் சங்கிலி வாங்கினோம், அம்மாவுக்குச் சால்வை வாங்கினோம். ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் சண்டை. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே போனது. இதையும் ஒரு காட்சியாக வையுங்கள். எங்களைப் பற்றி எழுதியவர்கள் மட்டும்தான் வருங்காலத்தைப் பிழையாகக் கணித்தார்கள் என்று காட்டினால் அது அரைவாசி உண்மைதான்.

இரண்டு செய்திகளை மட்டும் நாடகத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒன்று 1989 ஜூலை. கூர் நகரில் தமிழ் அகதிகள் இருந்த வீட்டுக்கு இரவில் தீ வைக்கப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள். அதில் இருவர் சின்னப் பிள்ளைகள். ஒரு கூட்டத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பயத்தை எழுதினால், வாசிக்கிறவர்களில் எவனோ ஒருவன் நெருப்புப் பெட்டியோடு போகக்கூடும் என்று நான் நம்புகிறேன். யார் செய்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த நான்கு பேரை நினைக்காமல் தோல் ஜாக்கெட் பகிடியைச் செய்ய வேண்டாம். நாடகம் தொடங்க முதல் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். அது போதும்.

மற்றது 2001 செப்டெம்பர் 27. சூக் மாநில நாடாளுமன்ற மண்டபத்தில் ஒருவன் சுட்டு, அரசாங்கத்தில் இருந்தவர்களும் உறுப்பினர்களுமாக 14 பேர் கொல்லப்பட்டார்கள். பழைய பத்திரிகைகளைத் தேடும்போது அந்தப் பக்கம் கட்டாயம் உங்கள் கண்ணில் படும். அது இந்த ஊரின் துக்கம். உங்களோடு படிக்கிற பிள்ளைகள் சிலரின் வீட்டுத் துக்கமாகவும் இருக்கும். அப்படியே மூடி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். தேசிய நூலகம் நடத்துகிற பத்திரிகை ஆவணத் தளத்தில் சுவிஸ் பத்திரிகைகள் பலவற்றின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சொல்லை எழுதினால் அது வந்த பக்கமெல்லாம் வரும். சூரிச்சில் ஸ்டாடெல்ஹோபன் நிலையத்துக்குப் பக்கத்தில் சமூக ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1906இல் தொடங்கியது. பத்திரிகைத் துண்டுகளை விசயவாரியாக வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அகதிகள் பற்றியதும் உண்டு. சூக்கிலிருந்து அரை மணித்தியாலப் பயணம். ஒரு புதன்கிழமை பின்னேரம் கூட்டாகப் போய் வாருங்கள்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது. ஏனென்று சொல்கிறேன். எங்களைப் பற்றி இந்த நாடு எழுதியது ஒரு வரி விடாமல் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊர் எங்களைப் பற்றி எழுதியது அப்படி இல்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் தீ வைக்கத் தொடங்கினார்கள். பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. 1959இலிருந்து யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகத்தையும் அதே நாட்களில்தான் எரித்தார்கள். அப்பப்பா காலத்துத் தலைப்புகள் எத்தனையோ அதோடு போயின. வேறிடங்களில் தப்பியவற்றைத் தேடி எடுத்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஏற்றி வருகிறது. அதற்குள் ஒருதரம் போங்கள். 1980களில் ஏதாவது ஒரு கிழமையைத் தெரிவு செய்யுங்கள். அந்தக் கிழமை சுவிஸ் பத்திரிகை எங்களைப் பற்றி என்ன தலைப்புப் போட்டது, அதே கிழமை ஊர்ப் பத்திரிகை என்ன தலைப்புப் போட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஊரடங்கு, சுற்றிவளைப்பு, காணாமல் போனவர் பட்டியல். இங்கே, இவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி. இரண்டையும் ஒரே மேடையில் இரண்டு பேர் மாறி மாறி வாசித்தால், வேறு வசனமே தேவைப்படாது.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமானது.

1990களின் பிற்பகுதியிலிருந்து எங்களைப் பற்றிய தலைப்புகள் மாறின. கடின உழைப்பாளி, அமைதியானவர், முன்மாதிரி வெளிநாட்டவர். இதை வாசித்து எங்களுக்கு உச்சி குளிர்ந்தது, எனக்கும்தான். நாடகத்தை அந்தப் பாராட்டில் கொண்டுபோய் முடிக்க உங்களுக்கு ஆசை வரும். கைதட்டலும் கிடைக்கும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்கிறேன். அந்தப் பாராட்டு தனியாக வரவில்லை. தமிழரைப் பார், எவ்வளவு திறம், நீங்கள் ஏன் இப்படி என்று அடுத்து வந்தவர்களிடம் கேட்பதற்காகவும் அது பயன்பட்டது. முதலில் கொசோவோவிலிருந்து வந்தவர்கள், பிறகு எரித்திரியர்கள், இப்போது ஆப்கானியர்கள். எரித்திரியர்களைப் பற்றி வருகிற தலைப்புகளை எடுத்துப் பாருங்கள். வேலைக்குப் போகாத பொடியன்கள், ரயில் நிலையத்தில் கூட்டம், கையில் விலையான போன். ஜாக்கெட் இருந்த இடத்தில் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு வேதனை, அந்தத் தலைப்புகளை எங்கள் வீடுகளிலும் கேட்கிறேன். கல்யாண வீட்டில், பிறந்தநாள் விழாவில், சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்கள் சும்மா இருந்து சோசல் காசு எடுக்கிறாங்கள்" என்று சொல்கிறோம். எங்களைப் பற்றி 1986இல் சொன்ன அதே வசனம். முப்பது நாற்பது ஆண்டுகளில் அதை மனப்பாடம் செய்து எங்கள் வாயாலேயே சொல்லப் பழகியிருக்கிறோம். பெரியவர்கள் நாங்கள் இதில் திருந்த வேண்டும். உங்கள் வகுப்பில் எரித்திரியப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆப்கான் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே மைதானத்தில் பந்தடிக்கிற உங்களால் எங்களைத் திருத்த முடியும்.

அதனால் ஒரு காட்சியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். 1970களின் தலைப்பு ஒன்று, 1980களின் தலைப்பு ஒன்று, கடந்த சில ஆண்டுகளின் தலைப்பு ஒன்று எடுங்கள். மூன்றிலும் இனத்தின் பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைத்துத் திரையில் போடுங்கள். இது இத்தாலியரா, தமிழரா, எரித்திரியரா என்று சபையைக் கேளுங்கள். சனம் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். பிறகு மையை எடுங்கள்.

ஒத்திகை தொடங்க முதல், எழுதிய பிரதியை உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். காம்பில் இருந்தவர், கோப்பை கழுவியவர், எப் பெர்மிட்டோடு பத்து வருசம் காத்திருந்தவர், யாரென்றாலும் சரி. அவர்களில் பலர் இதைப் பற்றி உங்களிடம் வாயே திறந்திருக்க மாட்டார்கள். ஒருவேளை உங்கள் வாசிப்பைக் கேட்டதும் சொல்லத் தொடங்கலாம். தொடங்கினால் நாடகத்தை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு, சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி எடுங்கள். திகதி, இடம், முதலாளி கொடுத்த சம்பளம், போட்ட ஜாக்கெட்டின் விலை, எல்லாவற்றையும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் எங்களில் பலர். அடுத்த விழாவுக்கு எல்லோரும் இருப்போம் என்று சொல்ல முடியாது. இந்த மாதமே கேட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
பாரில் வசிக்கும் ஒரு பெரியப்பா